எரிந்துபோக வேண்டிய எண்ணெய்

"எந்த வண்டிக்குங்க?" என்று கடைக்காரர் சென்னியப்பன் கேட்டது எளிய கேள்விதான். கோயமுத்தூர் கணபதியில், சத்தி ரோட்டின் மேல் எண்ணெய்க் கடை வைத்திருக்கிற ஒருவர் நாள் முழுக்கக் கேட்கிற கேள்வி; வேனுக்கு, புல்லட்டுக்கு, டிராக்டருக்கு என்று ஒரே சொல்லில் பதில் வாங்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிக் கேனை உருவிவிடுகிற கேள்வி. நாச்சிமுத்துவுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிப் பழக்கமில்லை. பொறியியல் கல்லூரி நூலகத்தில் தலை நரைத்தவர். பம்பு பற்றி ஒரு புத்தகம் வேண்டும் என்று வருகிற மாணவனிடம் எந்தப் பம்பு, தண்ணீர் ஏற்றவா எண்ணெய் ஏற்றவா, ஆழ்துளையா திறந்த கிணறா, படிக்கவா பரீட்சை எழுதவா என்று கேட்டுக் கேட்டு, அவன் வந்த காரியத்தையே மறந்து செய்தித்தாள் மேசையில் போய் உட்கார்ந்துவிடும்படி செய்கிறவர். இந்தச் சனிக்கிழமை காலையில் கவுண்டருக்கு வெளிப்பக்கம் நின்றபோதுதான் அந்த மாணவர்களின் நிலைமை அவருக்குப் புரிந்தது. "காருக்குங்க," என்றார். "காருன்னா?" "ஜப்பான் கார். பழசு. ரெண்டே கதவு, ரேஸ் காருன்னு வைங்களேன். எஞ்சின் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி." சென்னியப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வேற மாதிரி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரியான எண்ணெயைக் கொடுத்து அனுப்பிய அனுபவம் அந்த முகத்தில் தெரிந்தது. "நிதானமா யோசிச்சுச் சொல்லுங் சார்," என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற தண்ணி லாரி டிரைவரிடம் போய்விட்டார். நிதானமாக யோசி என்று நாச்சிமுத்துவிடம் ஒருவர் சொன்னால் அது தப்பித்துக்கொள்ள முடியாத தண்டனை. வியாழக்கிழமையிலிருந்து அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் தோசைக்கு முன்னால்தான் அது நடந்தது. எதற்காக ஆரம்பித்தார் என்று இப்போது நினைவில்லை, சட்னியில் காரம் என்பதாகக்கூட இருக்கலாம், எங்கோ ஆரம்பித்துக் கடைசியில் மனைவியின் கார் விஷயத்தில் போய் முட்டிக்கொண்டார். "இத்தன வருசத்துல அந்தக் காரைப் பத்தி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருப்பியா நீ?" கோகிலவாணி தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "கேக்கோணுங்களா?" "கேட்டாத்தான் என்ன?" அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். அது வேகிற வரைக்கும் யோசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோசையை எடுத்துத் தட்டில் வைக்கும்போதே முடிவும் தயாராக இருந்தது. "செரி. ஞாயித்துக்கெழமை செட்டிபாளையம் ரேஸ் டிராக்குல ஓட்டறதுக்கு முன்னால ஆயில் மாத்தோணும். நீங்களே பாத்து வாங்கீட்டு வாங்க. எதைக் கொண்டாந்தாலும் அதைத்தான் ஊத்துவேன்." அந்தக் கடைசி வாக்கியம். அவள் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை, தன் பட்டறைக்கு வந்து சரக்கு என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்கிற ஆர்டர்காரருக்குத் தேதி சொல்கிற குரலில் சொன்னாள். அவள் சொன்ன தேதி தவறியதில்லை என்று கணபதியில் பட்டறை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். நாச்சிமுத்துவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு மருத்துவப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, மனிதனுக்குத் தனியாக உப்பே தேவையில்லை, காய்கறியில் இருப்பதே போதும் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். செரிங்க என்றாள். மறுநாளிலிருந்து ரசத்தில் உப்பில்லை, பொரியலில் உப்பில்லை, தயிர் சாதத்தில் உப்பில்லை. அவளும் அதையே சாப்பிட்டாள், முகம் சுளிக்காமல், இன்னொரு கை போட்டுக்கொண்டு. ஒரு மாதம் கழித்து அவர்தான் அந்தப் பத்திரிகையின் அடுத்த இதழில் மறுப்பு வந்திருக்கிறது என்று சொல்லித் தப்பித்தார். மறுப்பெல்லாம் வரவில்லை. ஆகவே ஊற்றுவேன் என்றால் ஊற்றுவாள். கடுகெண்ணெய் வாங்கிக்கொண்டு போனாலும் ஊற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்துவிட்டு, எஞ்சின் சாகிற சத்தத்தைக் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, சாப்பிட வாங்க என்று கூப்பிடுவாள்.

அல்லது வேறொரு கேன் வைத்திருப்பாள். இந்த நினைப்பு வந்ததும் நாச்சிமுத்துவுக்கு உடம்பு சற்று லேசானது, உடனே கனத்தது. வீட்டுக் கார் ஷெட்டில் ஸ்பேனர் ரேக்குக்குப் பின்னால் அவள் வழக்கமாக வாங்குகிற எண்ணெய் ஒரு கேன் இருக்கத்தான் செய்யும். கெட்டிக்காரி, கணவன் எதையாவது வாங்கி வரட்டும், அவர் திருப்திக்கு வாங்கி வைத்துக்கொண்டு நம்முடையதை ஊற்றலாம் என்று நினைத்திருப்பாள். அப்படியானால் பயமில்லை. எதை வாங்கினாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படியானால் இந்த மூன்று நாளும் ஒரு குழந்தையிடம் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுத்து ஓரமாக உட்கார்த்தி வைத்த மாதிரி. கேன் இருந்தால் அவமானம், இல்லாவிட்டால் பயங்கரம். இரண்டில் எதை விரும்புவது என்று பார்த்தால், மனது கூசாமல் பயங்கரத்தைத்தான் விரும்பியது. அதை நினைத்து அவரே ஆச்சரியப்பட்டார். போன் பண்ணிக் கேட்டுவிடலாம்தான். ஷெட்டில் இருக்கும்போது அவள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என்ன கேட்பது? ஏம்மா, என்னை நம்பித்தான் அனுப்பினாயா என்றா? பையில் கைவிட்டு ஸ்கூட்டர் சாவியைப் பிடித்துக்கொண்டார். சாவிக்கொத்தில் கட்டைவிரல் நுனியளவு ஒரு பித்தளைத் துண்டு தொங்கியது. யோசிக்கும்போது அதை உருட்டுவது பழக்கமாகிவிட்டது.

"அண்ணா, காரு எண்ணெய் குடிக்குதுங்களா?" தண்ணி லாரி டிரைவர்தான் கேட்டான், நாற்பது வயதிருக்கும், கழுத்தில் துண்டு. சென்னியப்பன் வாளியில் அவனுக்கு எண்ணெய் அளந்துகொண்டிருந்தார். குடிக்கும் என்று நாச்சிமுத்து ஒப்புக்கொண்டார். "அப்ப ரிங்கு போயிருச்சுங்ணா. எறக்கிப் பாத்துருங். எண்ணெய் மாத்தியெல்லாம் ஆகாது." "அதுல ரிங்கே கெடையாதுப்பா." டிரைவர் சென்னியப்பனைப் பார்த்தான். சென்னியப்பன் வாளியைப் பார்த்தார். "பிஸ்டனும் கெடையாது," என்று நாச்சிமுத்து சேர்த்துக்கொண்டார், சேர்க்காமல் இருந்திருக்கலாம். "பிஸ்டன் இல்லாம எஞ்சினா? அப்ப உள்ள என்னதானுங் இருக்குது, பில்லி சூனியமா?" கடையே சிரித்தது. கடை என்றால் அந்த இரண்டு பேர்தான், ஆனால் தகர டின்கள் எல்லாம் சேர்ந்து சிரித்த மாதிரி இருந்தது. நாச்சிமுத்துவுக்கு வருத்தமில்லை. முதல் முறை கோகிலவாணி அதைத் திறந்து காட்டியபோது அவரும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார். அவள் அன்றைக்குப் பழைய துண்டை விரித்து, அதன்மேல் அந்த இரும்பு முக்கோணத்தை இரண்டு கையாலும் எடுத்து வைத்தாள். பக்கங்கள் உப்பிய சமோசா. இதுதானா என்று அவர் கேட்டார், இதுதானுங்க என்றாள், இது சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், மேல போய்க் கீழ வர்ற வேலையே இல்ல. நம்மூர்க் கிரைண்டரை நெனச்சுக்குங்க. கல்லு சட்டி ஓரமா உருண்டுகிட்டே போறாப்பல இதுவும் ஓரத்தை விடாம உருண்டுகிட்டே போகும், மூணு மூலையும் செவுத்தைத் தொட்டுக்கிட்டே. இது ஒரு சுத்துச் சுத்தி முடிக்கறதுக்குள்ள தண்டு மூணு சுத்துச் சுத்தியிருக்கும். சொல்லும்போது அவள் விரல் காற்றில் அந்த வட்டத்தைப் போட்டது, சரியான வட்டமல்ல, இடுப்பில் லேசாக ஒடுங்கிய நீள்வட்டம், நிலக்கடலைத் தொலி மாதிரி. இருபது வருஷமாகப் பார்த்த முகம், அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிற மாதிரி இருந்தது. நூலகத்தில் கார்கள் ஓர் அலமாரி, எஞ்சின்கள் எதிர்ச்சுவரில் இன்னோர் அலமாரி, எண்ணெய் பற்றியவை மாடியில். தன் மனைவி அந்த மூன்றுக்கும் நடுவில், தான் எண் போட்டு ஒட்ட முடியாத ஓரிடத்தில் குடியிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொல்லவில்லை. ரொம்ப நல்லாருக்குது என்று மட்டும் சொன்னார். சமோசாவைப் பார்த்துச் சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய தொழிலே ஒழுகாமல் பார்த்துக்கொள்வதுதான். பம்புக்குள் தண்ணீர் ஒரு பக்கமும் மோட்டார் மறுபக்கமும் சண்டை போடாமல் இருப்பதற்கு நடுவில் ஒரு சீல் வேண்டும், வளையல் மாதிரி, கார்பனில் ஒரு முகம் பீங்கானில் ஒரு முகம், ஒன்று அசையாமல் நிற்க மற்றது அதை ஒட்டிச் சுழல வேண்டும், ஒரு சொட்டு கசியக்கூடாது. அதைத்தான் அவள் செய்கிறாள், ஆறேழு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, கணபதிக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடத்தில். மாலையில் அவர் கூப்பிடப் போகும்போது கடைசித் தட்டைச் சோதித்துக்கொண்டிருப்பாள். மஞ்சள் விளக்கடியில் கண்ணாடிப் பலகையில் வளையத்தை வைத்துக் குனிந்து பார்ப்பாள். வளையத்தின் முகத்தில் விழுகிற ஒளிக்கோடுகள் நேராக ஓடினால் சரி, வளைந்தால் தள்ளுபடி. சரியாக இருந்தால் நல்லது என்றெல்லாம் சொல்லமாட்டாள், தலை ஒருதரம் கீழே இறங்கி ஏறும், அவ்வளவுதான். அந்தப் பெண்கள் ஒருநாள் முழுக்க அந்தத் தலையசைப்புக்காகத் தேய்ப்பார்கள். நாச்சிமுத்து வாசற்படியில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். தனக்கு அப்படி ஒரு தலையசைப்பு எப்போதாவது கிடைத்திருக்கிறதா என்று யோசித்திருக்கிறார், கிடைத்ததாக நினைவில்லை. திருமணத்தன்று மாலை போடும்போது ஒருவேளை, ஆனால் அன்றைக்கு எல்லோரும்தான் தலை குனிந்திருந்தார்கள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததைப் பார், எண்ணெயைக் குடித்தால்தான் உயிர் வாழ்கிற எஞ்சின். மூலைகள் மூன்றும் சுவரில் உராய்வதால் ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே ஒரு துளி எண்ணெய் போக வேண்டும், போய்ப் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்தும் போக வேண்டும். அதற்கென்றே ஒரு குட்டிப் பம்பு, சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறது. எண்ணெய் குறைவது அதற்கு நோயில்லை, மூச்சு.

இது புரியாமல்தான் மில்லில் கொன்றார்கள். நூல் மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்த ஜப்பான்காரர் ஒருவர் கொண்டுவந்த கார் அது. திரும்பிப் போகும்போது மேனேஜரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, எண்ணெய் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பார்த்துக்கொண்டார்கள். கோயமுத்தூர்க்காரர்களிடம் ஒரு இயந்திரத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களா? எண்ணெய் குறைகிறது என்றதும் மில் ஃபிட்டர் படுத்துக்கொண்டு தேடி, எங்கே போகிறது என்று கண்டுபிடித்து, அந்தக் குட்டிப் பம்பின் குழாயில் பித்தளையில் அளவாக ஒரு அடைப்பான் கடைந்து அடித்துவிட்டார். அற்புதமான வேலை. மயிரிழை இடைவெளி இல்லை. எண்ணெய் குறைவது அன்றோடு நின்றது. கொஞ்ச நாளில் காரும் நின்றது. மில் ஷெட்டில் பஞ்சு தூசு படிந்து, சிவப்பு வெளுத்து வெங்காயச் சருகு நிறமாகிக் கிடந்ததைத்தான், சீல் சப்ளை பேசப்போன கோகிலவாணி பார்த்தாள். பார்த்தவள் சப்ளை பற்றிப் பேசாமல் கார் பற்றிப் பேசிவிட்டு வந்தாள். காரை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட வைக்க ஒரு வருஷம் ஆயிற்று. மூலைச் சீல்களை அவளே அறுத்துத் தேய்த்துச் செய்தாள். ஆனால் எஞ்சினின் உள்சுவர் மட்டும் அதிசயமாகக் கீறாமல் தப்பியிருந்தது. அதில் ஒரு கீறல் விழுந்திருந்தால் அவளாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, இந்தச் சீமையில் அதற்கு மாற்று கிடையாது என்றாள். இனி விழுந்தாலும் அதே கதைதான். தப்பான எண்ணெய் எரிந்து கரி கட்டும், கரி மூலையில் சிக்கும், சிக்கியது சுவரைக் கோடு போடும். ஒரே ஒரு கோடு. ஞாயிற்றுக்கிழமை டிராக்கில், கடைசித் திருப்பம் தாண்டி நேர் ரோட்டில் அவள் மிதிக்கும்போது, தேனீக் கூட்டம் மாதிரி ஏறிக்கொண்டே போகிற அந்தச் சத்தம் பாதியில் அறுந்தால். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் தான் நின்றுகொண்டு. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து, பரவாயில்லீங்க என்று சொன்னால். பரவாயில்லீங்க என்பாள், அதுதான் தாங்காது.

படித்துப் பார்த்தும் தெளியவில்லை. வியாழன் வெள்ளி இரண்டு நாளும் கல்லூரிக் கணினியில் உலகத்தில் உள்ள இந்த எஞ்சின்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்தார். யானைக்கு எந்த நாமம் என்று கோர்ட்டு வரைக்கும் போனவர்கள் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும். மினரல் எண்ணெய்க்காரர்கள் ஒரு கலை, சிந்தெடிக்காரர்கள் ஒரு கலை. பூமியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த சாதா எண்ணெய்தான் சாம்பல் வைக்காமல் எரியும் என்று முதல் கட்சி. அதெல்லாம் அந்தக் காலம், ஆலையில் கூட்டிச் செய்த சிந்தெடிக்தான் சூட்டைத் தாங்கும், எரியவும் எரியும் என்று இரண்டாவது கட்சி. கெட்டியாக வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் ஒருவர், இளக்கமாக வேண்டும் என்று கனடாவில் ஒருவர், அவரவர் ஊர் வெயிலை அவரவர் பிரபஞ்ச உண்மையாக வைத்துக்கொண்டு. நடுவில் ஒருவர் எல்லோரையும் கண்ணியமாகத் திட்டி ஏழு பக்கம் எழுதியிருந்தார். அதில் மேற்கோள்கள் சரியாக இருந்ததால் நாச்சிமுத்துவுக்கு அவர்மேல் தனி மரியாதை வந்தது, ஆனால் கடைசியில் எதை ஊற்றுவது என்று அவர் சொல்ல மறந்திருந்தார். அந்த ஏழு பக்கத்தில் தன் சாயல் தெரிந்ததை நாச்சிமுத்து கவனிக்காத மாதிரி கணினியை அணைத்தார்.

"இதைப் பாருங் சார்." சென்னியப்பன் லாரிக்காரனை அனுப்பிவிட்டு வந்து, தங்க நிறக் கேன் ஒன்றைக் கவுண்டர்மேல் வைத்தார், வைத்த விதத்தில் நகைக்கடை தெரிந்தது. "ஃபுல் சிந்தெடிக். வெளிநாட்டுச் சரக்கு. ரேஸ் காருன்னு நீங்களே சொல்லீட்டீங்க, இதுக்குக் கொறஞ்சு எதை ஊத்துனாலும் காருக்கு மரியாதை இல்லீங். எஞ்சின்ல ஒரு சொட்டுக் கொறையாதுங், நான் கேரண்டி." கேன் வெயிலில் மின்னியது. பின்பக்க எழுத்துகளை நாச்சிமுத்து ஒன்று விடாமல் படித்தார், ஆவியாகாது, எரியாது, எவ்வளவு சூட்டிலும் தன்னை இழக்காது. நல்ல குணங்கள்தான். பெண் பார்க்கப் போகிற இடத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளை இருந்தால் விடமாட்டார்கள். ஒரு சொட்டுக் குறையாது. கட்டைவிரல் பையிலிருந்த பித்தளைத் துண்டை உருட்டியது, உருட்டி நின்றது. ஒரு சொட்டுக் குறையாது என்றுதான் அந்த ஃபிட்டரும் மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருப்பார், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே. அந்த அடைப்பான்தான் இது. கோகிலவாணி அதைப் பிடுங்கி எடுத்ததும் தூக்கி எறியவில்லை. என்னா நேர்த்தி பாருங்க, இவ்வளவு நல்ல வேலைக்காரன் இவ்வளவு தப்பான வேலையைச் செஞ்சிருக்கான், ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கோணும் என்று சொல்லி, துளை போட்டு ஸ்கூட்டர் சாவியில் மாட்டிவிட்டாள். அவர் தினமும் உருட்டுகிறார்.

அப்போது கடைக்கு முன்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. பழையது, பின்னால் முருங்கைக்காய்க் கட்டு, விட்டு விட்டு இருமியது, நீலப் புகை கடைக்குள் வந்து நாச்சிமுத்துவின் மூக்கில் ஏறியது. இனிப்பும் கசப்புமாக ஒரு வாசனை. கல்யாணத்துக்கு முன்னால் அவரும் அப்படி ஒன்றுதான் வைத்திருந்தார். பெட்ரோல் பங்கில் முதலில் கண்ணாடிக் குடுவையிலிருந்து டூ-டி எண்ணெய் கொஞ்சம் பிடித்து டேங்கில் விடுவார்கள், பிறகு பெட்ரோல். இரண்டும் கலந்து எரிகிற வாசனையோடுதான் அவருடைய இளமை முழுவதும் மருதமலை ரோட்டில் போய்வந்தது. அந்த வாசனை அவருக்குப் பழைய ஞாபகமாக மட்டும் இல்லை, அதுதான் சங்கடம். சில வருஷங்களாக, ஞாயிற்றுக்கிழமைகளில், கோகிலவாணி ஷெட்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்காரும்போது அவள் துப்பட்டாவிலும் தலைமுடியிலும் அது வருகிறது. மனைவி மேல் தன்னுடைய மொபெட் வாசனை. இதை யாரிடம் சொல்வது? வயதானால் ஆண்களுக்கு இப்படி ஏதோ வரும்போலிருக்கிறது, பிரியமானவர்கள் மேல் தன் சொந்த இளமை மணக்கிற கோளாறு, என்று நினைத்துக்கொண்டு, டாக்டரிடமும் சொல்லாமல், அவளிடமும் சொல்லாமல், சற்றே நெருங்கி உட்கார்ந்துகொள்வதோடு நிறுத்தியிருந்தார். இப்போது மொபெட்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வந்து டூ-டி ஒண்ணு குடுங் என்றார். நாச்சிமுத்து அங்கேயே நின்றார். எங்கும் அவசரப்படாத மனது ஒரே தாவாகத் தாவியது. அவள் அதைத்தான் கலக்குகிறாள். பெட்ரோலில் டூ-டி. எரிந்துபோவதற்கென்றே செய்த எண்ணெய். மொபெட்டுக்கு ஊற்றுகிறதை அந்த ஜப்பான் காருக்கு ஊற்றுகிறாள், மூலைகளுக்கு இன்னும் கொஞ்சம் வழவழப்பு வேண்டும் என்று, கேட்டால் யாரும் சிரிப்பார்கள் என்றுகூட நினைக்காமல். கோளாறு எதுவும் இல்லை. மூக்கு இத்தனை வருஷமும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது, படித்த பகுதிதான் கேட்கவில்லை.

அடுத்தது தானாக வந்தது. குட்டிப் பம்பை அவள் அடைக்கவில்லை, திறந்துவிட்டாள். அடைப்பான் இதோ பையில் இருக்கிறது. அப்படியானால் எஞ்சினுக்குள் ஊற்றுவதும் சொட்டுச் சொட்டாக எரியத்தான் போகிறது. எரியமாட்டேன் என்று கேனில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறவனை எரியச் சொல்லலாமா? வேறு இடத்தில் அவன் உத்தமனாக இருக்கட்டும். இங்கே வேண்டியது போக வேண்டிய நேரத்தில் சுவரில் ஒரு தடம் வைக்காமல் போகத் தெரிந்தவன். "சென்னியப்பன், மினரல்ல இருவது-அம்பது இருக்குதுங்களா? நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்கற கெட்டி." "இருக்குதுங்." சென்னியப்பன் புரியாமல் பார்த்தார். "அம்பாசடருக்கு ஊத்தறதுங் அது." "அதேதான். அதோட டூ-டி ஒரு லிட்டர்." "அதெதுக்குங், மொபெட்டுக்கா?" "இல்லீங். அதுவும் அந்தக் காருக்குத்தான்." சென்னியப்பன் தங்கக் கேனை எடுத்து, மூடியைத் துண்டால் துடைத்து, புண்பட்ட ஒருவரை வீட்டுக்கு அழைத்துப்போகிற மாதிரி அலமாரியில் திரும்ப வைத்தார். "உங்க இஷ்டமுங் சார். ஆனா ஒண்ணு. யாராச்சும் கேட்டா எங்க கடையில வாங்குனதுன்னு சொல்லாதீங்."

ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் கேனை நிறுத்தி இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு வந்தபோது, கடையில் இருந்த தைரியத்தில் பாதி டெக்ஸ்டூல் பாலத்திலேயே இறங்கிவிட்டது. மூக்கை நம்பி எண்ணெய் வாங்கிவிட்டோம். ஏழு பக்கம் எழுதியவர் இதைக் கேட்டால் எட்டாவது பக்கம் எழுதுவார். ஒருவேளை டூ-டி கலப்பதால்தான் உள்ளே சிந்தெடிக் ஊற்றுகிறாளோ, அப்படியும் சிலர் செய்கிறார்கள் என்று படித்தோமே. படித்தோமா? படித்தோம். திரும்பிப் போகலாமா? சிக்னலில் நின்று யோசித்தார், பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்தி யோசனையை முடித்து வைத்தான். வேறு கேன் இருக்கும். இருக்கட்டும். இருந்தால் அவமானத்தை உப்பில்லாத ரசம் மாதிரி விழுங்கிக்கொள்ளலாம், கார் பிழைக்கும். இல்லாவிட்டால், இல்லாவிட்டால் என்பதற்கு மேல் போவதற்குள் வீடு வந்துவிட்டது.

ஷெட்டில் கார் ஜாக்கியில் நின்றது. அவள் அதனடியில் இருந்தாள், இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே. எண்ணெய் இறக்கும் தட்டில் பழைய எண்ணெய் கறுப்பாக, அசையாமல், ஓட்டுச் சந்து வெளிச்சத்தை ஒரு காசாக வாங்கி வைத்திருந்தது. அப்படியானால் எஞ்சின் இப்போது காலி. கேனைக் கீழே வைத்துவிட்டு நாச்சிமுத்து ஓசைப்படாமல் ஸ்பேனர் ரேக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வெற்றுச் சுவர். கீழ்த்தட்டில் ஒரு புனல். கை துடைக்கிற திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டை, அதை அழுத்திப் பார்த்தார், மெத்தென்று இருந்தது, உள்ளே எதுவும் இல்லை. மூலையில் பழைய கேன் ஒன்று, தூக்கினார், கை விசையாக மேலே வந்துவிட்டது, காலி. "என்ன தேடறீங்க?" பாதங்கள் கேட்டன. "பனியன் வேஸ்ட்." "கையில வச்சிருக்கீங்களே." மூட்டையை அழுத்தும்போது உருவி வந்த ஒரு துண்டு கையில் இருந்தது. கோகிலவாணி நகர்ந்து வெளியே வந்தாள், நெற்றியில் ஒரு கறுப்புத் தீற்றல், எழுந்து உட்கார்ந்து அவரையும் ரேக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேற கேன் இல்லீங்க," என்றாள். "உங்களைத்தானே வாங்கீட்டு வரச் சொன்னேன். நான் எதுக்கு வாங்கறேன்?" அதை அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். நாச்சிமுத்து ஜாக்கிக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் கேனைத் திருப்பிப் படித்தாள். டூ-டி பாட்டிலைப் படித்தாள். அவர் பாராத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏழு பக்கம் தயாராக இருந்தது, இரண்டு கட்சிகள், ஆஸ்திரேலியா, கனடா, சாம்பல், வெயில், மேற்கோள்கள். "ஏன் இது?" என்று கேட்டாள். நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

"எரியறதுக்கு."

அவள் மேலும் ஏதோ வரும் என்று சற்றுப் பார்த்தாள். வரவில்லை. அடி போல்ட்டை இறுக்கினாள், எழுந்து போய் மூடியைத் திறந்தாள், புனலைப் பிடிச்சுக்குங்க என்றாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எண்ணெய் நூலாக இறங்கியது, தேன் நிறம், கொஞ்சமும் சத்தமில்லை. டூ-டியை அவள் கண்ணால் அளந்து பெட்ரோல் டேங்கில் விட்டாள், சின்ன வயதில் தினமும் பால் ஊற்றி வந்தவள் கை மாதிரி. ஜாக்கியை இறக்கினாள். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முதலில் ஒரு இருமல், பிறகு இன்னொன்று, அந்த இடைவெளியில் நாச்சிமுத்து என்னென்ன நினைத்தார் என்பது அவருக்கே தெரியாது. பிறகு பிடித்துக்கொண்டது, தடதடப்பே இல்லாத அந்த ரீங்காரம், ஒரே சீராக, எங்கோ ஒரு பெரிய கூட்டில் எல்லாத் தேனீக்களும் ஒத்துக்கொண்டுவிட்ட மாதிரி. பின்னால் நீலமாக மெல்லிய புகை. மொபெட் வாசனை. அவர் ஆழமாக, வெட்கமில்லாமல் இழுத்துக்கொண்டார். அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "நாளைக்கு ஓட்டி முடிச்சு அளவு பாத்தா கொஞ்சம் கொறஞ்சிருக்கும். நீங்க பயந்துக்காதீங்க." "கொறையாட்டித்தானே பயப்படோணும்," என்றார் நாச்சிமுத்து.

அவள் கை ஸ்டீரிங்கில் நின்றது. அவரைப் பார்த்தாள், வேறெங்கும் பார்க்காமல், சற்றே குனிந்து, மஞ்சள் விளக்கடியில் கண்ணாடிப் பலகையைப் பார்க்கிற பார்வை. நாச்சிமுத்து புனலைப் பிடித்தபடி ஆடாமல் நின்றார். அவள் தலை ஒருதரம் கீழே இறங்கி ஏறியது.